டார்ச்சில் ஜெயித்து சிகரெட்டில் தோற்கும் பஞ்சு: செல்லுலோஸ் இன்சுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டில்லி மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கின் கடைசி மாடியில் இருக்கும் மாமா ஏப்ரல் மாதம் ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டார். ஹாலில், கூரைக்குள் சூட்டைத் தடுக்கப் போடும் பஞ்சை விற்கிற ஒரு பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு பிடி சாம்பல் நிறப் பஞ்சு, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம், இன்னொரு கையில் கேஸ் டார்ச். நீல ஜுவாலை பட்டு நாணயம் பழுக்க ஆரம்பித்தது. பஞ்சின் மேல்பக்கம் கருகியதே தவிர பற்றிக்கொள்ளவில்லை, கையும் சுடவில்லை. "ஆக் நஹீ லகேகி, அங்கிள்ஜி" (தீப்பிடிக்காது) என்று சிரித்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "தினம் டெஸ்ட் ரிப்போர்ட்டோட மல்லுக்கட்டறவன் நீதானே? சொல்லுப்பா, போட்டுடலாமா?"

கட்டட உள்வேலைக்கு வரும் பொருள்களின் சோதனை அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. "டார்ச்சை அணைச்சுட்டு, இதுக்குள்ள ஒரு சிகரெட்டைச் செருகி ரெண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்க மாமா" என்றேன். மாமாவுக்கு நான் கிண்டல் செய்வதாகத்தான் பட்டது.

செல்லுலோஸ் இன்சுலேஷன் என்பது பெரும்பாலும் பழைய செய்தித்தாள். அரைத்துப் பஞ்சாக்கி, தீயைத் தடுக்கும் உப்புகளைக் கலப்பார்கள். எடையில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் காகிதம்; மீதி போரிக் அமிலம், போராக்ஸ், சில தயாரிப்புகளில் அம்மோனியம் சல்பேட். சூட்டையும் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும் பொருள்தான், எனக்கு அதன்மேல் பகை இல்லை. ஆனால் உப்பைக் கழித்துவிட்டால் நம் கூரைக்குள் இருப்பது பேப்பர் மூட்டை என்பதை மறக்கக் கூடாது.

ஜுவாலையை மட்டும் பார்ப்பது

எல்லோரும் செய்கிற தவறு இதுதான், ஆபத்தானதும் இதுதான். ஊரில் உமி மூட்டம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். உமிக்குவியலில் ஜுவாலையே தெரியாது. மேலே சாம்பல், உள்ளே கங்கு. ராத்திரி போட்டது காலையிலும் கனன்றுகொண்டிருக்கும். காகிதப் பஞ்சுக்கும் அதே குணம் உண்டு. நுண்ணிய இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, வெளியே போக முடியாத சூடும் இருக்கிறது. ஒரு பொறி உள்ளே நுழைந்தால், அது சத்தமில்லாமல் ஊர்ந்து மணிக்கணக்கில் கழித்து வேறெங்கோ ஒரு மரச்சட்டத்தில் போய் ஜுவாலையாக எழலாம். நீறுபூத்த நெருப்பு என்று நாம் சொல்வது சாட்சாத் இதைத்தான்.

இங்கே ரசாயனத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போராக்ஸ் ஜுவாலை பரவுவதை நன்றாகத் தடுக்கும், கனலைத் தடுப்பதில் மட்டும் மோசம்; சில சமயம் கனலுக்குத் துணையே போகும். கனலை அடக்குவது போரிக் அமிலம், ஆனால் அது ஜுவாலைக்கு அவ்வளவாக உதவாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டில் போரிக் அமிலத்தைக் குறைத்து காசு மிச்சம் பிடித்தவரின் பஞ்சும் டார்ச் வித்தையில் கம்பீரமாக ஜெயித்துவிடும்.

இதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் வீடுகளுக்கு இன்சுலேஷன் போட அங்கே அடிதடி. செல்லுலோஸ் தயாரிக்கப் பெரிய ஆலை தேவையில்லை, அதனால் கண்டவரும் இறங்கினார்கள். போரிக் அமிலத்துக்குத் தட்டுப்பாடும் வந்தது. கலப்படச் சரக்கு பெருகி, 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு பொருளுக்காகவே அவசரப் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதன் வழியில் வந்த விதிகளில்தான் நான் சொன்ன சிகரெட் சோதனை இருக்கிறது. 20 சென்டிமீட்டர் சதுரம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் மேலே திறந்த எஃகுப் பெட்டி. அதில் பஞ்சை நிரப்பி, நடுவில் துளை போட்டு, பற்றவைத்த ஃபில்டர் இல்லாத சிகரெட்டை நிமிர்த்திச் செருகி, குறைந்தது 2 மணி நேரம் விடுவார்கள். பிறகு எடை பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, நடுவில் ஜுவாலை எழுந்தாலோ தோல்வி. பார்க்கிறவருக்குக் கொட்டாவிதான் வரும். எந்த விற்பனைப் பிரதிநிதியும் இதை ஹாலில் செய்து காட்டமாட்டார்.

இதோடு ஜோடியாக இன்னொரு சோதனை: சாய்வாக வைத்த வெப்பப் பலகைக்குக் கீழே பஞ்சைப் பரப்பி ஒரு முனையில் தீ வைத்து, எந்த அளவு வெப்பக் கதிர் விழும் இடத்தில் தீ தானாக நிற்கிறது என்று பார்ப்பது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.12 வாட் வரைக்கும் தாங்க வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 1200 வாட். உச்சிவெயில் தருவது ஏறக்குறைய 1000 வாட். சூடேறிய பரணுக்குள் இருக்கும் நிலைமையை மனதில் வைத்துப் போட்ட கோடு இது என்று தெரிகிறதல்லவா? அறிக்கையில் இந்த இரண்டும், கனல் சோதனையும் வெப்பக்கதிர் சோதனையும், தனித்தனி வரிகளில் இருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி 739 தரத்தின் கீழ் சோதித்திருந்தால் இரண்டும் இருக்கும்.

'கிளாஸ் ஏ' என்றால் எரியாது என்று நினைப்பது

மாமாவிடம் கொடுத்த பளபளப்பான நோட்டீஸில் 'கிளாஸ் ஏ' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஏ கிளாஸ்னு போட்டிருக்கே, அப்புறம் என்னப்பா?" என்றார். அவர் மத்திய சர்க்காரில் ரிட்டையர் ஆனவர். ஏ கிளாஸ் என்றால் அவருக்கு கெஜட்டட் ஆபீசர்.

அதே ஏஎஸ்டிஎம்மின் ஈ 84 என்ற சோதனையில் வரும் வகுப்பு அது. சுமார் 24 அடி நீள மாதிரியை ஒரு சுரங்கத்தின் கூரைப் பக்கம் பொருத்தி, ஒரு முனையில் தீ கொடுத்து, 10 நிமிடத்தில் மேற்பரப்பில் அது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். ரெட் ஓக் மரத்துக்குச் சுமார் 100 மதிப்பெண், எரியாத சிமென்ட் பலகைக்கு 0. 25-க்குள் வந்தால் கிளாஸ் ஏ. 10 நிமிடச் சோதனை மூன்று மணி நேரத்துக் கனலைப் பற்றி என்ன சொல்ல முடியும்? எரியாத பொருள் என்று சொல்வதற்கு வேறு சோதனை இருக்கிறது. உலைக்குள் வைத்துப் பார்ப்பார்கள், காகிதம் அதில் தேறாது.

அதே அறிக்கையில் இரண்டாவதாக ஒரு எண் இருக்கும்: புகை. கிளாஸ் ஏ-வுக்கு 450 வரை அனுமதி உண்டு, ஆக 50 எடுத்ததும் 440 எடுத்ததும் ஒரே வகுப்பில் உட்காரும். நோட்டீஸில் முதல் எண்ணைப் போடுவார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள். டில்லிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1997 ஜூன் 13 அன்று உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறித்தான்.

'ஒரு மணி நேரம் தீ தாங்கும்' என்ற வாசகமும் இதே மாதிரிதான். அந்த மணிக்கணக்கு பஞ்சுக்குக் கொடுத்தது கிடையாது. சட்டம், பலகை, பஞ்சு, திருகு எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சுவருக்கோ கூரைக்கோ கொடுத்தது. நம் ஊரில் ஐஎஸ் 3809 அந்தச் சோதனைக்கானது. சோதித்தது இரட்டை ஜிப்சம் பலகை வைத்த சுவர், உங்கள் வீட்டில் போடுவது ஒற்றைப் பலகை என்றால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது அல்ல.

அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது

எல்லோரும் கடைசிப் பக்கத்தில் 'பாஸ்' இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் முதல் பக்கத்தில்தான் அதிக நேரம் செலவழிப்பேன். மாதிரியை எடுத்தது யார்? உற்பத்தியாளரே கொண்டுவந்து கொடுத்ததா, கிடங்கிலிருந்து சோதனைக்கூட ஆள் எடுத்ததா? லாட் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குத் தரும் எண்) என்ன, தேதி என்ன, சோதித்தபோது அடர்த்தி என்ன? சோதனைக்கூடங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்; தீச் சோதனைக்குப் பெயர்போன இடம்.

லாட் எண்ணுக்கு நான் ஏன் உயிரை விடுகிறேன் என்றால், உப்பு பல இடங்களில் பொடியாகத்தான் கலக்கப்படுகிறது. அரைப்பு சரியில்லையென்றால் பஞ்சிலிருந்து உதிர்ந்து மூட்டையின் அடியில் தங்கிவிடும். மேலே எடுத்த பிடி ஒரு மாதிரி, அடியில் எடுத்தது ஒரு மாதிரி. விற்பனையாளரின் உள்ளங்கையில் இருந்தது எந்த மூட்டையின் எந்தப் பக்கம்?

கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2024 மே 29 அன்று டில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று காட்டி நாடே அலறியது. அந்த சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியதாக வானிலைத் துறை பிறகு சொன்னது. வானிலைத் துறைக்கே இந்த கதி. அறிக்கையில் கருவியைச் சரிபார்த்த தேதி இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை.

ஆர் எண்ணில் ஏமாறுவது

"ஆர் 19 கிடைக்கும்" என்றார் பிரதிநிதி. ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண், கூடுதலாக இருந்தால் நல்லது. எந்த 19? அமெரிக்க அலகில் சொல்லும் ஆர் மதிப்பை 5.678-ஆல் வகுத்தால்தான் நாம் பயன்படுத்தும் மெட்ரிக் அலகு வரும். 19 என்பது 3.35 ஆகிவிடும். பொய் இல்லை, ஆனால் பக்கத்துக் கடைக்காரர் மெட்ரிக்கில் 3.5 என்று எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

அடுத்தது காற்றை விற்பது. பஞ்சை ஊதும் இயந்திரத்தில் காற்றைக் கூட்டினால் குறைந்த சரக்கில் அதே உயரம் வரும். சில மாதத்தில் படிந்துவிடும். தளர்வாகக் கொட்டியது ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம். அதனால் ஸ்கேலை வைத்து உயரம் பார்ப்பதைவிட மூட்டையை எண்ணுவது புத்திசாலித்தனம். 10 சதுர மீட்டர் அறை, 15 சென்டிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 45 கிலோ அடர்த்தி என்றால் 67.5 கிலோ சரக்கு உள்ளே போயிருக்க வேண்டும். 12 கிலோ மூட்டையானால் ஆறு காலி மூட்டை குப்பையில் கிடக்க வேண்டும். நாலுதான் கிடக்கிறதா? டிக்கேதாரை, அதாவது ஒப்பந்தக்காரரை, கூப்பிடுங்கள்.

அப்புறம், இங்கே 15 சென்டிமீட்டர் தேவையா என்பதே கேள்வி. அது பனிப் பிரதேசத்துக் கணக்கு. வெறும் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு (சூட்டை உள்ளே விடும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) 3-க்கு மேல் இருக்கும். குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கேட்பது 1.2-க்குள். 5 சென்டிமீட்டர் செல்லுலோஸ் ஒழுங்காகப் போட்டாலே கணக்குப்படி 0.65 பக்கம் வந்துவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பலன் குறைந்துகொண்டே போகும், பில் மட்டும் குறையாது.

விளக்கையும் மழையையும் மறப்பது

மாமா வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு டவுன்லைட். ஒவ்வொன்றின் தலையிலும் எல்இடி டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) தொங்குகிறது. சூட்டை வெளியே விட்டாக வேண்டிய பொருளைப் பஞ்சில் புதைத்தால், காகிதத்துக்குத் தீக்குச்சியை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. பதித்த விளக்கின் பக்கங்களிலிருந்து 3 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும், புகைபோக்கியிலிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். விளக்கைச் சுற்றித் தகரத்தில் ஒரு வளையம் அடித்துத் தடுப்பது பெரிய வேலை இல்லை. பழைய ஒயர் இணைப்புகள் டேப் சுற்றிக் கிடந்தால் முதலில் எலக்ட்ரீஷியன், பிறகுதான் பஞ்சு.

மழை வேறு கதை. போரான் உப்புகள் தண்ணீரில் கரைபவை. ஜூலையில் தளம் ஒழுகிப் பஞ்சு நனைந்தால் உப்பு தண்ணீரோடு இறங்கிவிடும். அக்டோபரில் காய்ந்து கிடப்பது பாதுகாப்பு போன காகிதம். நனைந்த பகுதியை எடுத்துப் போட்டுவிட வேண்டும், காயவைத்து மறுபடி உபயோகிக்கக் கூடாது. அம்மோனியம் சல்பேட் கலந்த சரக்கானால் கூடுதல் தொல்லை: ஈரமும் சிமென்டும் சேர்ந்தால் அம்மோனியா நெடி வரும், உலோகமும் அரிக்கும். அரிப்புக்கும் சோதனை உண்டு. செம்பு, அலுமினியம், எஃகுத் தகடுகளை ஈரப் பஞ்சில் 14 நாள் வைத்து ஓட்டை விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஏசி செம்புக் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது என்றால் இந்த வரியையும் தேடிப் படியுங்கள். நெடிப் பிரச்சினையால் ஐரோப்பாவில் அம்மோனியம் உப்புக்கே கட்டுப்பாடு வந்துவிட்டது.

மாமா அந்த வருஷம் பஞ்சு போடவில்லை. முதலில் மொட்டைமாடி ஒழுகலை அடைத்து வெள்ளை டைல் பதித்தார். படுக்கையறைக்கு மட்டும் அடுத்த மார்ச்சில் போட்டார், லாட் எண் பொருந்திய அறிக்கை கையில் வந்த பிறகு. ஒவ்வொரு மூட்டையின் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, லாட் எண்ணையும் தேதியையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். சர்க்கார் வழக்கப்படி மூன்று பிரதியாக எழுதி, டிக்கேதாரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார்.