பயந்த பிள்ளைக்கு லீவ் லெட்டர் எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு இளம் தாய் என்னிடம் சொன்னார்: "காலையில வயித்து வலின்னு ஒரே அழுகை. சரி, இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்னேன். அரை மணி நேரத்துல வலி போயே போச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பதினொரு வருடத்துக்கு முன் நானும் அதே நிம்மதியோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் என் மகள் ஏழு வாரம் பள்ளிக்கே போகவில்லை.

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அன்று நான் செய்ததையே பெற்றோரும், இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அடிக்காதே, திட்டாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். அன்பினால் செய்கிற தவறுகள்தான் கண்ணில் படுவதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை"

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறோம். பிள்ளைக்கோ நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. ஒன்றுமில்லை என்று கேட்டதும், நமக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிடும்.

லீவ் லெட்டர்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. திங்கட்கிழமைகளில் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டும். ஒரு திங்கள் காலை வயிற்று வலி. உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் சிரித்து விளையாடினாள். அடுத்த திங்களும் வலி. பிறகு ஞாயிறு இரவே தொடங்கியது. அப்புறம் புதன், வியாழன். ஒரு கட்டத்தில் சீருடையைப் பார்த்தாலே குமட்டல்.

அந்த வலி நடிப்பு கிடையாது. பதற்றம் வந்தால் உடம்பு ஆபத்துக்குத் தயாராகிறது, செரிமானம் தடுமாறுகிறது, வயிறு உண்மையிலேயே வலிக்கிறது. "போக வேண்டாம்" என்றதும் அந்தப் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிமிடத்தில் மூளை ஒரு பாடம் படிக்கிறது: போகாததால் தப்பித்தேன். போயிருந்தால் பயம் எவ்வளவு ஏறியிருக்கும், எப்போது தானாக இறங்கியிருக்கும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வருகிறது. நான் எழுதிய ஒவ்வொரு லெட்டரும் அந்தப் பயத்துக்குப் போட்ட தீனி.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தை மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் போக்கிய விதத்தை 1924-லேயே எழுதிவிட்டார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் தாங்குகிற தூரத்தில் வைத்தார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தொட்டு விளையாடினான். நூறு வருடமாகியும் "கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும், தானாகச் சரியாகும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. படித்தவர்களே சொல்கிறார்கள். அன்று எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாங்கள் மீண்டது படிப்படியாகத்தான். முதலில் என்னிடம் ஒரு பத்தி வாசித்தாள். அப்புறம் பாட்டியிடம். பள்ளி விட்ட பிறகு காலியான வகுப்பில் ஆசிரியையிடம். பிறகு ஒரு தோழியோடு சேர்ந்து. ஒவ்வொரு படியிலும் "போர் அடிக்குது" என்று அவளே சொல்லும்வரை நின்றோம். அழுதபோதெல்லாம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பயமா இருக்குன்னு தெரியுது. உன்னால முடியும்னும் எனக்குத் தெரியும்." இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதி மட்டும் என்றால் பிள்ளை பயத்திலேயே தங்கிவிடும். இரண்டாம் பாதி மட்டும் என்றால் விரட்டுவது போலாகும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை முறையில் பிள்ளை வரவே வேண்டாம். பெற்றோர் மட்டும் வந்தால் போதும். பயத்துக்காகப் பிள்ளைக்குச் செய்துகொடுக்கும் விட்டுக்கொடுப்புகளை அவர்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு நிகராக அது பலன் தந்திருக்கிறது. ஆக, வீட்டில் நாம் செய்வது அவ்வளவு முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா, எழுத்துக் கூட்டி வாசிப்பதே பிள்ளைக்குக் கஷ்டமா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் பிள்ளை பயப்படுவது நியாயம். சரி செய்ய வேண்டியது அந்த இடத்தை. வலியோடு காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஒரே கேள்விக்குப் பத்துப் பதில்

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஒரு முறை பதில் சொல்லுங்கள். ஐந்தாவது முறை, "இதைக் கேட்கச் சொல்றது உன் கவலைதானே?" என்று மென்மையாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளரும்.

அழுகைக்கு நடுவே அறிவுரை

வேண்டாம். காதில் ஏறாது.

பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். பிள்ளையும் மெல்லச் சேர்ந்துகொள்ளும்.

பதின்ம வயதினரை எதிரே உட்கார வைத்து விசாரிப்பது

நடக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, வண்டியில் போகும்போது பேச்சு தானாக வரும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

தூக்கத்தைச் சோம்பல் என்பது

பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராதது அவர்கள் குற்றமில்லை. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் கெட்டால் சின்னக் கவலையும் மலையாகும். நான் வீட்டில் முதலில் மாற்றச் சொல்வது, இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதுதான். பெற்றோர் போனும் சேர்த்து.

கேட்கப் பயப்படுவது

"செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆகாது. நேராகக் கேட்பது பிள்ளைக்குப் பேச வழி திறக்கும். உணவும் தூக்கமும் குலைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். "ஆமா, தோணுது" என்ற பதில் வந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் கூர்மையான பொருட்களையும் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.