துப்பினால் சினை

ஆடு வளர்த்த பழக்கத்தில் லாமாவுக்கு, அதாவது தென் அமெரிக்காவின் ஒட்டகச் சாதி விலங்குக்கு, வந்தவன் நான். பெட்டை பருவத்துக்குக் கத்தும் என்று முதல் இரண்டு மாதம் காத்திருந்ததுதான் மிச்சம். லாமாவுக்கு மாடு போல 21 நாளுக்கு ஒரு தடவை பருவம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. கிடாவோடு சேர்ந்த பிறகு, ஒன்றிரண்டு நாளில்தான் கருமுட்டையே வெளிவரும். அதனால் பெட்டையின் வயதையும் உடம்பையும் பாருங்கள். ஒன்றரை வயதுக்கு முன் சேர்க்கவே வேண்டாம். நான் இரண்டு வயது வரை பொறுப்பேன். சினைக்காலம் ஏறக்குறைய 350 நாள். இன்று சேர்த்தால் அடுத்த வருடம் இதே பருவத்தில் குட்டி விழும். அது கடும் வெயில் நேரமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பெட்டைக்காக ஒரு கிடா வாங்குவது வீண் என்பது என் கட்சி. தெரிந்தவர்களிடமிருந்து இரவல் வாங்கலாம். சொந்தமாக இருந்தால் தனிப் பட்டியில் கட்டுங்கள். எந்நேரமும் பெட்டைகளோடு விட்டால் ஓயாமல் ஏறி, கருப்பையில் புண்ணாக்கிவிடும்.

இசைவான பெட்டை கிடாவைக் கண்டதும் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தபடியேதான் சேர்க்கை. கிடா முழு நேரமும் தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல சத்தம் போடும். அரை மணி நேரம்கூட ஆகும். முதல் தடவை, ஏதோ மாட்டிக்கொண்டது என்று பதறி நான் மருத்துவருக்குப் போன் செய்துவிட்டேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

பத்து நாள் கழித்து கிடாவை மறுபடி வேலியோரம் கொண்டு வாருங்கள். பெட்டை காதைப் பின்னால் மடித்து, மோவாயைத் தூக்கி, துப்பினால் பெரும்பாலும் சினைதான். உட்கார்ந்தால் சினை பிடிக்கவில்லை, மறுபடி சேர்க்கலாம். நடுவில் மட்டும் நிற்காதீர்கள். வயிற்றிலிருந்து பச்சையாக வரும் அந்தத் துப்பலின் வாடை சட்டையை விட்டு லேசில் போகாது. ஆரம்பத்தில் கரு கலைவது சகஜம் என்பதால், இரண்டு மாதம் ஆனதும் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

ஈற்று பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலுக்குள் முடிந்துவிடும். ராத்திரி விழித்திருக்கத் தேவையில்லை. முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வரவேண்டும். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரம் முக்கியும் எதுவும் நகரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாய் குட்டியை நக்காது, நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. முனகிக்கொண்டு முகர்ந்து பார்க்கும், அவ்வளவுதான். குளிராக இருந்தால் துண்டால் துவட்டுவது நம் வேலை. தொப்புளை அயோடினில் முக்குங்கள். நாலைந்து மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். பிறந்த குட்டி 9 முதல் 14 கிலோ இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஆண் குட்டியை மட்டும் கொஞ்சாதீர்கள். தாய்க்குப் பால் வற்றியதால் ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து மடியிலேயே வளர்த்தேன். வளர்ந்ததும் என்னையும் இன்னொரு கிடாவாக நினைத்து நெஞ்சால் மோத ஆரம்பித்தது. இப்போது அதற்குத் தண்ணீர் வைக்கப் போனால் கையில் ஒரு பலகையோடுதான் போகிறேன்.