‘கோள்’ என்று பெயர் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளூட்டோ சின்னதாக இருந்ததால்தான் கோள்களின் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது தவறு. 2006 ஆகஸ்டில் பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் வைத்த நிபந்தனைகள் மூன்று: சூரியனைச் சுற்ற வேண்டும், சொந்த ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையைச் சுற்றியுள்ள பொருட்களை ஒதுக்கித் தள்ளியிருக்க வேண்டும். புளூட்டோ தவறியது மூன்றாவதில்தான். அளவுதான் கணக்கென்றால் புதனைவிடப் பெரிய கனிமீடும் டைட்டனும் நிலவுகளாகவே இருப்பது ஏன்?

முதல் நிபந்தனையை இன்னொரு தரம் படியுங்கள். ‘சூரியனை’. அதாவது இந்த வரையறை நம் வீட்டுக்கு மட்டும். வேறு விண்மீன்களைச் சுற்றுபவற்றுக்கு இதைப் பொருத்தி வாதாடுவது வீண். அங்கே பெரும்பாலும் நிறையைத்தான் பார்க்கிறார்கள். வியாழனைப் போல 13 மடங்கு நிறையைத் தாண்டினால் உள்ளே டியூட்டிரியம் என்ற கனமான ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் எரியத் தொடங்கும். கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட அதைப் பழுப்புக் குள்ளன் என்பார்கள். இதுவும் மனிதர் போட்ட கோடுதான்.

அந்த நிறையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கோள் இழுப்பதால் விண்மீன் நம் பக்கம் வந்து விலகும் அசைவை வைத்துத்தான் பல நேரம் அதைக் கணக்கிடுகிறார்கள். ஒரு வளையலைக் கண்முன் பிடித்துப் பாருங்கள். விளிம்பு தெரியும்படி பிடித்தால் கோடு, திருப்பினால் வட்டம். கோளின் பாதை நமக்கு வட்டமாகத் தெரியும்படி அமைந்தால், அது இழுக்கும் விண்மீன் நம் பக்கம் வந்து விலகுவது மிகக் குறைவாகவே பதிவாகும். கனமான பொருளும் லேசாகத் தெரியும். 1989இல் ஹெச்டி 114762 என்ற விண்மீனருகே கிடைத்த பொருளுக்குக் குறைந்தபட்ச நிறை 11 வியாழன் என்று கணக்கிட்டார்கள். கோளாக இருக்கலாம் என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. கடைசியில் கையா விண்கலத்தின் அளவீடுகள் காட்டின: அது ஒரு சிறிய விண்மீன். ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதப்படும் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, நம் சூரியக் குடும்பத்தையே அளவுகோலாக வைப்பது அடுத்த தவறு. வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 ஆண்டுகள் எடுக்கிறது. அதனால் பெரிய கோள்கள் எல்லாம் மெதுவாகத்தான் சுற்றும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் கண்ட 51 பெகாசி பி என்ற பெரிய கோள், தன் விண்மீனை நாலே கால் நாளில் சுற்றி முடிக்கிறது. பெரிய கோள் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று 1952லேயே ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் எழுதியிருந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாம் நிற்கும் தரையைச் சந்தேகிக்க மறப்பது. சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீனைத் துடிவிண்மீன் என்பார்கள். 1991இல் வானியலாளர் ஆண்ட்ரூ லைனின் குழு, அப்படியொரு துடிவிண்மீனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றும் கோளைக் கண்டதாக அறிவித்தது. ஆறு மாதம் என்பது பூமியின் ஆண்டில் சரிபாதி. துடிப்புகள் வந்துசேரும் நேரத்திலிருந்து பூமியின் அசைவைக் கழிக்கும்போது, நம் பாதை லேசான நீள்வட்டம் என்பது சரியாகக் கணக்கில் வரவில்லை. துடிவிண்மீனின் இடமும் சற்றுப் பிசகியிருந்தது. அவர்கள் கண்டது பூமியின் சொந்த நிழலாட்டம். 1992 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் லைன் மேடையேறி அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அரங்கம் நெடுநேரம் கைதட்டியது.

அதே கூட்டத்தில் அலெக்சாண்டர் வோல்ஷ்சான் இன்னொரு துடிவிண்மீனைப் பற்றிப் பேசினார். அவருடன் உழைத்த டேல் ஃபிரேல், அதன் இடத்தை வேறு ரேடியோ தொலைநோக்கிகளால் தனியாக, துல்லியமாக அளந்து கொடுத்திருந்தார். அப்புறமும் கணக்கில் இரண்டு அசைவுகள் எஞ்சின: ஒன்று ஏறத்தாழ 66 நாள், மற்றது 98 நாள். அந்த இரண்டு கோள்களும் இன்றுவரை பட்டியலில் இருக்கின்றன.