கார்ட்லெஸ் மைக் விட்டு விட்டுக் கேட்கிறதா? முதலில் ரிசீவர் விளக்கைப் பாருங்கள்

மண்டபத்தில் பட்டிமன்றம். நடுவர் எழுந்து "பெரியோர்களே, தாய்மா..." என்பதற்குள் மைக் அறுந்துபோகிறது. கூட்டம் மொத்தமும் திரும்பி மைக் செட் மேசையைப் பார்க்கிறது. பதற்றத்தில் நாம் செய்கிற முதல் வேலை, மிக்சரில் வால்யூமை ஏற்றுவது. நானும் ரொம்ப நாள் அதையேதான் செய்தேன். மைக் திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் 'குய்ய்ங்' என்று கூவியதைத் தவிர வேறு பலன் இல்லை.

மிக்சரை விடுங்கள். மைக்கின் அலையை வாங்கிக்கொள்ளும் பெட்டிதான் ரிசீவர். அதன் முகப்பில் ஆர்எஃப், ஏஎஃப் என்று இரண்டு விளக்குகளோ கோடுகளோ இருக்கும். ஆர்எஃப் என்பது மைக்கிலிருந்து ரேடியோ அலை வந்து சேர்கிறதா என்று காட்டுவது. ஏஎஃப் என்பது அந்த அலையில் பேச்சுச் சத்தம் இருக்கிறதா என்று காட்டுவது. கோளாறு எங்கே என்று இந்த இரண்டுமே சொல்லிவிடும்.

படி 1: மைக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

மியூட் செய்தால் போதாது. மியூட்டில் சத்தம் மட்டும்தான் நிற்கும், அலை போய்க்கொண்டே இருக்கும். பவரையே நிறுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் செல்லைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது ஆர்எஃப் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அணையாமல் மின்னினால், உங்கள் அலைவரிசையில் வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். நேராகப் படி 4-க்குப் போங்கள்.

அணைந்துவிட்டதா? சரி. மைக்கை ஆன் செய்து ஒருவரைப் பேசவிட்டு, சத்தம் அறுகிற அந்த நொடியில் விளக்கைக் கவனியுங்கள். ஆர்எஃப்பும் சேர்ந்து விழுந்தால் அலை வந்து சேரவில்லை, படி 2, 3 பாருங்கள். ஆர்எஃப் நிறைய இருந்து ஏஎஃப் மட்டும் விழுந்தால் மைக் தலையிலோ காலர் மைக் ஒயரிலோ கோளாறு. இரண்டும் நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் மட்டும் அறுந்தால் ரிசீவரிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளை மாற்றுங்கள். கோளாறு கேபிள் முனையில் இருக்கும் ஐம்பது ரூபாய் பின்னில் இருக்க, கார்ட்லெஸ் மைக்கைத் திட்டுகிற கதை எல்லா மேடையிலும் உண்டு.

படி 2: செல்

மைக்கை ரிசீவருக்கு இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் வைத்து லேசாகக் குலுக்குங்கள். இவ்வளவு பக்கத்திலும் ஆர்எஃப் விழுந்தால் செல் மாட்டும் இடத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை மெதுவாக இழுத்துவிட்டு, முனையை ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல்லை மைக்கில் போடாதீர்கள். அல்கலைன் பென்சில் செல் போடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் புது செல், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 3: அலைக்கு வழி விடுங்கள்

பெரும்பாலான கோளாறு இங்கேதான் இருக்கும். மைக் 600 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதன் அலையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பி வரும் அலை நேராக வரும் அலையோடு மோதினால், சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேசுபவர் ஒரு சாண் நகர்ந்ததும் மைக் தானாகச் சரியாவது இதனால்தான். டைவர்சிட்டி ரிசீவர் இரண்டு ஆன்டெனாவில் எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு ஆன்டெனா இருப்பதெல்லாம் டைவர்சிட்டி இல்லை. மலிவான இரட்டை மைக் செட்டில் ஒரு மைக்குக்கு ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான்.

மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையை அது நன்றாகவே குடித்துவிடும். ரிசீவரை மேசைக்கு அடியில், ஆம்ப்ளிஃபயர் ரேக்குக்குப் பின்னால் வைத்தால், முன்னால் நிற்கும் கூட்டமே சுவராகிவிடும். ரிசீவரைத் தலை உயரத்துக்கு மேல், பேசுபவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஆன்டெனாவை மடக்காமல் 'வி' போல விரித்துவிடுங்கள். மிக்சர் மேசை தூரத்தில் இருந்தால் ரிசீவரை மேடையோரம் வைத்துவிட்டு ஆடியோ கேபிளை நீட்டுங்கள். மெல்லிய ஆன்டெனா கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால் வந்த அலையில் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும்.

பேசுபவர் கையையும் பாருங்கள். பெரும்பாலான கை மைக்கில் ஆன்டெனா அடிப்பக்கத்தில் இருக்கும். உணர்ச்சிவசப்பட்டு அடியை இறுகப் பிடித்தால் அலை கைக்குள்ளேயே அடங்கிவிடும். "ஐயா, நடுவில் பிடிச்சுப் பேசுங்க" என்று மேடை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், மேடையில் போய்ச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். காலர் மைக் என்றால் இடுப்புப் பெட்டியின் ஆன்டெனா ஒயரைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருக விடாதீர்கள்.

படி 4: வந்து புகுந்தது யார்?

மைக்கிலோ ரிசீவரின் பின்புறத்திலோ அலைவரிசை எண் எழுதியிருக்கும். அது 700-க்கு மேல் என்றால் சந்தேகப்படுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022 ஏலத்தில் செல்போன் சேவைக்குப் போய்விட்டது. 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்கு, 758 முதல் 803 வரை டவரிலிருந்து போனுக்கு. காலி மண்டபத்தில் அருமையாக வேலை செய்த பழைய மைக், ஐந்நூறு பேர் போனோடு வந்து உட்கார்ந்ததும் கொரகொரப்பது இதனாலும் இருக்கலாம். அந்த மைக்கை ரிப்பேருக்குக் கொடுத்துப் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு வைஃபையும் ஹாட்ஸ்பாட்டும்தான் தொல்லை. அதில் ரிசீவரை மேடைக்குப் பக்கத்தில் வைப்பது நல்ல வழி.

மற்றபடி, ரிசீவரில் ஸ்கேன் வசதி இருந்தால் காலியான இடம் தேடுங்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் மைக் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், மண்டபத்தில் மற்ற கருவியெல்லாம் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் இதைத் தலைகீழாகச் செய்தேன். காலையில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் சுத்தம். மாலையில் எல்இடி திரையை ஆன் செய்தார்கள். திரைக்குப் பின்னால் வைத்திருந்த ரிசீவரில், ஒரு மைக்கும் ஆன் ஆகாமலே ஆர்எஃப் பாதிக்கு ஏறி நின்றது. ரிசீவரைத் தூக்கிக்கொண்டு மேடையின் மறுமுனைக்கு ஓடினேன். நான்கு மீட்டர் தள்ளி வைத்ததும் விளக்கு இறங்கியது. வரவேற்பு நடனம் அதற்குள் முடிந்திருந்தது.

படி 5: மைக் இரண்டுக்கு மேல் போனால்

ஒன்று தனியாக நன்றாக இருக்கிறது, எல்லாம் ஆன் செய்தால் சண்டை. இதற்குக் காரணம் கணக்கு. 600, 601 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு மைக் ஓடினால், அவை கலந்து 599-லும் 602-லும் இரண்டு போலி அலைகள் பிறக்கும். மூன்றாவது மைக்கை வரிசையாக 602-ல் வைத்தீர்களானால் அது தொலைந்தது. சமமான இடைவெளி பார்ப்பதற்கு அழகு, மைக்குக்கு ஆகாது. ரிசீவரில் குரூப், சேனல் என்று இருந்தால் எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில், வேறு வேறு சேனலில் வையுங்கள். அந்தக் கணக்கைக் கம்பெனியே போட்டு வைத்திருக்கும். ஆனால் இரண்டு கம்பெனி மைக்கைக் கலந்தால் ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது, நாம்தான் போட வேண்டும். இரண்டு மைக்கை ஆன் செய்தபடி மேசையில் ஒட்டி வைப்பதும் போலி அலையை வளர்க்கும்.

ஸ்குவெல்ச் என்பது அலை பலவீனமானால் சத்தத்தை அடைத்துவிடும் அமைப்பு. அந்தத் திருகைக் கடைசியில் தொடுங்கள். ஏற்றினால் இரைச்சல் நிற்கும், ஆனால் மைக் எட்டுகிற தூரமும் குறையும்.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மேடை முழுக்க நடக்கட்டும், படிக்கட்டு, ஓரத் திரை உட்பட. நீங்கள் ஸ்பீக்கரைக் கேட்காமல் விளக்கைப் பாருங்கள். ஆர்எஃப் விழுகிற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு, போடியத்தை அங்கே போடாதீர்கள்.