நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பகுபதமாகப் பிரித்துப் படிக்கும் முறை

1982 முதல் பாராளுமன்றம் கூடிவரும் நகரத்தின் பெயரை வெளிநாட்டுப் பயணி ஒருவர் வாசிக்கத் திணறுவதைக் கொழும்பில் வாழ்பவர்கள் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர என்பது அவருக்கு மூச்சு முட்டவைக்கும் எழுத்துக் கூட்டம். நமக்கோ ஜயம், வர்தனம், புரம் என்னும் பழகிய மூன்று துண்டுகள். நீண்ட ஆங்கிலச் சொல்லின் முன் நாம் திணறும்போது அந்தப் பயணியின் நிலையில்தான் நிற்கிறோம். சொல் எங்கெங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அதன் நீளம் ஒரு பொருட்டாகாது. அதற்கு வேண்டிய கருவியும் பாடசாலையில் படித்த பகுபத உறுப்பிலக்கணமாக நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் சொல்லின் பகுதியை, அதாவது அதன் அடிச்சொல்லை, கண்டுபிடியுங்கள். தமிழில் பகுதி சொல்லின் தலையிலேயே நிற்கும். விகுதிகள் பின்னால் வந்து சேரும். ஆங்கிலத்திலோ பகுதிக்கு முன்னாலும் துண்டுகள் நிற்பதால், தமிழ் வழியில் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வழுக்குகிறார்கள். நீதி அநீதியாவதையும் தர்மம் அதர்மமாவதையும் நினைவில் வைத்தால் அந்த முன்னொட்டுகள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றா. 28 எழுத்துள்ள அன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருக்கும் எஸ்டாப்ளிஷ், அதாவது நிறுவுதல், இதன் பகுதி. டிஸ் முன்னே சேர்ந்தால் நிறுவியதை நீக்குதல். மென்ட் பின்னே சேர்ந்தால் அச்செயலின் பெயர். ஏரியன் சேர்ந்தால் அதனை வேண்டுபவர். அன்டி அவரை எதிர்ப்பதைக் காட்ட, இசம் முழுவதையும் ஒரு கொள்கையாக்குகிறது. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்குமான சட்டப் பிணைப்பை அறுக்கக் கூடாது என்று வாதிட்டவர்களின் நிலைப்பாட்டையே இச்சொல் குறிக்கிறது. அயர்லாந்தில் அத்தகைய பிணைப்பு 1871 இல் அறுபட்டது. 1880களில் இலங்கையிலும் திருச்சபைக்கான அரச மானியம் நிறுத்தப்பட்டது.

அடுத்து, துண்டுகளுக்கு இடையில் வரும் ஓசைகளைக் கவனியுங்கள். மரம் என்பது ஐ உருபை ஏற்கும்போது அத்துச் சாரியை பெற்று மரத்தை ஆவதுபோல, கிரேக்கத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும்போது பெரும்பாலும் நடுவில் ஓர் ஓகாரம் வந்து ஒட்டும். அந்த ஓகாரத்துக்குத் தனிப்பொருள் இல்லை. ஆனால் எங்கே வெட்டலாம் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். பொன்னும் குடமும் பொற்குடமாவது போன்ற விகாரமும் அங்கே உண்டு: எதிர்மறையைக் குறிக்கும் இன் என்னும் முன்னொட்டு இம்பொசிபிள் என்பதில் இம் ஆகவும், இர்ரெகியூலர் என்பதில் இர் ஆகவும் திரிகிறது.

பயிற்சிக்குக் கொழும்பு வைத்தியசாலைகளின் பெயர்ப்பலகைகளைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை. கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் நேரமும் அதற்குத் தாராளமாகப் போதும். ஓட்டோரைனோலரிங்கோலொஜி என்பதில் ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லரிங்கோ குரல்வளை, லொஜி இயல். மூக்கில் கொம்புள்ள காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே ரைனோ இருக்கிறது. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல். கஸ்ட்ரோ இரைப்பை, என்டர் குடல் என்று தெரிந்துகொண்டவர் கஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்ற சொல்லைக் கண்டு மிரளமாட்டார்.

இப்போது 45 எழுத்துள்ள சொல்லுக்கு வரலாம்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கொப்பிக்சிலிக்கோவொல்கேனோகோனியோசிஸ். நியூமோனோ நுரையீரல், அல்ட்ராமைக்ரோஸ்கொப்பிக் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத நுண்மை, சிலிக்கோ மணலில் உள்ள சிலிக்கா, வொல்கேனோ எரிமலை, கோனி தூசி, ஓசிஸ் நோய்நிலை. மிக நுண்ணிய எரிமலைச் சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள் தானாகவே திரண்டுவிடுகிறது. இதனை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் தேசிய புதிர்ப் பிரியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய எவரெட் ஸ்மித் 1935 இல், மிக நீண்ட சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதனைக் கட்டினார். மருத்துவர்கள் சிலிக்கோசிஸ் என்று சுருக்கமாகச் சொல்லி வேலையைப் பார்க்கிறார்கள்.

எல்லாச் சொல்லும் இப்படி மடங்கிக்கொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஹெலிகொப்டர் என்பதைப் பலரும் ஹெலி, கொப்டர் என்று வெட்டுவார்கள். உண்மையில் அது சுருளைக் குறிக்கும் ஹெலிகோ, சிறகைக் குறிக்கும் ப்டர் என்று பிரியும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு துண்டும் வேறு ஒரு சொல்லிலும் அதே பொருளில் வருகிறதா என்று அகராதியில் சரிபார்த்த பின்பே அதனைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஃப்ளொக்சினோசினிஹிலிபிலிஃபிகேஷன் என்ற 29 எழுத்துச் சொல் இன்னொரு விதமான சிக்கல். 1741 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே காணப்படும் இச்சொல், ஒன்றை மதிப்பற்றதென ஒதுக்குவதைக் குறிக்கிறது. கம்பளி இழை, அற்பப் பொருள், ஒன்றுமின்மை, மயிர் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு இலத்தீன் சொற்களை வரிசையாக அடுக்கிச் செய்தது இது. இங்கே துண்டுகளைக் கூட்டினால் பொருள் வளராது. நான்கும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தமிழில் மயிரைச் சொல்லி ஏசுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான்காவது துண்டு ஒன்றே போதும்.