ஸ்காட்லாந்தில் இன்னொரு வாக்கெடுப்பு வந்தால்: வீடு வீடாகப் போகப்போகும் இளசுகளுக்கு

முதலில் பெயர் பதிவு, பிரசாரமெல்லாம் அப்புறம். ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று மக்களிடம் கேட்டபோது 16, 17 வயதுக்காரர்களுக்கும் ஓட்டு இருந்தது, அந்த வயதில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்ந்திருந்தார்கள். வாக்கெடுப்பு நாளுக்குள் 16 முடிகிறவர்கள் 15 வயதிலேயே பதிந்துகொள்ள முடிந்தது. பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 2. அதைத் தவறவிட்டவரிடம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை, அதனால் நோட்டீஸோடு பதிவுப் படிவமும் கையில் இருக்கட்டும். காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அங்கே முறைப்படி வசித்த இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும்கூட ஓட்டு இருந்தது, அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கிளாஸ்கோவின் பழைய கல் கட்டடங்களில் ஒரே படிக்கட்டைச் சுற்றி ஆறேழு வீடுகள், கீழே வாசல் பூட்டியிருக்கும், பக்கத்தில் பெயர் ஒட்டிய பட்டன்கள் வரிசையாக இருக்கும். யாராவது திறந்துவிட்டால் நேரே மேல்மாடிக்கு ஏறி, அங்கிருந்து கதவு தட்டிக்கொண்டே இறங்குங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச, இன்னொருவர் குறித்துக்கொள்ள.

"1 என்றால் கண்டிப்பாக வேண்டாம், 10 என்றால் கண்டிப்பாக வேண்டும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" இப்படிக் கேளுங்கள். 4 முதல் 7 வரை சொல்கிறவரிடம்தான் நேரம் செலவிட வேண்டும். நம் பக்கம் ஏற்கெனவே உறுதியாக நிற்கிறவரோடு அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசிவிட்டு வருவது நமக்கு இனிக்கும், ஆனால் அதனால் ஒரு ஓட்டுகூட அதிகமாகாது.

தயங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் பணம் பற்றித்தான். பவுண்டு நம்மிடம் இருக்குமா, பென்ஷன் என்ன ஆகும்? 2014இல் லண்டனின் மூன்று பெரிய கட்சிகளும் பவுண்டைப் பகிர மாட்டோம் என்றன, அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் 'ஆம்' பக்கம் திணறியது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், கேட்டுவந்து சொல்கிறேன் என்றால் மறுபடி போய் நில்லுங்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது முறை போவதற்கு இருக்கிற மதிப்பு எந்த நோட்டீஸுக்கும் கிடையாது.

சிலர் பெயரையே தர மாட்டார்கள். 1989இல் வந்த, ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரியைத் தம்மிடம் வசூலிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்து வாக்காளர் பட்டியலைவிட்டு விலகி நின்றவர்கள் உண்டு. வற்புறுத்தாதீர்கள். அந்தப் பழைய பாக்கியையெல்லாம் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் 2015இல் சட்டம் போட்டே ரத்து செய்துவிட்டது என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

2014 வாக்கெடுப்பில் 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 'இல்லை' 55.3, 'ஆம்' 44.7. எந்தப் பக்கம் நின்றாலும் வாக்கெடுப்பு நாளில் புதிதாக யாரோடும் வாதாட வேண்டாம். குறித்து வைத்த பட்டியலோடு நம் ஆட்களின் வீடுகளுக்கு மட்டும் போய், போட்டாயிற்றா என்று கேளுங்கள். சாவடி இரவு 10 மணி வரை திறந்திருக்கும், வேலை முடிந்து தாமதமாக வருகிறவர் வீட்டுக்கு ஒன்பது மணிக்குக்கூட ஒருமுறை போய்ப் பாருங்கள்.