ஒரே நாள் குஞ்சுகள், வெவ்வேறு ரகங்கள்: டர்பன் வீட்டுக் கொல்லையில் முதல் ஆறு வாரம்

ஆடி மாதத்தில் குஞ்சு வாங்கி இறக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்றடிக்கும் மாதம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அது நடுக்குளிர்காலம். டர்பன் கடலோரத்திலேயே இரவில் 11 டிகிரி வரை இறங்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இன்னும் கீழே போகும். புரட்டாசியும் ஐப்பசியும்தான் நல்ல மாதங்கள். குஞ்சு ஆறு வாரம் தாண்டும்போது கோடை வந்திருக்கும், தைரியமாக வெளியே விடலாம். தைப்பூசக் காவடி சமயத்தில் சூட்டுக்குக் குறைவில்லை, ஆனால் மழையும் புழுக்கமும் சேர்ந்து வரும். ரத்தக்கழிச்சலுக்கு அதைவிட வசதியான பருவம் கிடையாது.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்து வீடுகளில் ஒரே ரகத்தை மட்டும் வளர்ப்பவர்கள் குறைவு. முட்டைக்கு ஐந்து, கறிக்கு ஐந்து, பிள்ளைகளின் ஆசைக்கு இரண்டு பட்டுக்கோழி என்று வாங்குவார்கள். எல்லாம் ஒரே நாளில் பொரித்தவைதானே, ஒரே பெட்டியில் போட்டுவிடலாம் என்று தோன்றும். வயது ஒன்றுதான், வளரும் வேகம் ஒன்றல்ல. கலப்புப் பெட்டியில் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

எதை எதோடு சேர்க்கலாம்

பிராய்லரை (ராஸ் 308, காப் 500 என்ற பெயர்களில் கிடைக்கும்) முதல் நாளே தனிப் பெட்டியில் விடுங்கள். இடமில்லை என்றால் ஐந்தாம் நாளுக்குள் பிரித்துவிடுங்கள். பொரித்தபோது சுமார் 40 கிராம் இருக்கும் குஞ்சு ஏழாம் நாளில் 180 கிராமைத் தாண்டிவிடும். பக்கத்தில் இருக்கும் நாட்டு ரகக் குஞ்சு அதில் பாதிகூட இருக்காது. பிராய்லர் சண்டைக்கு வராது, ஆனால் தீவனத் தட்டின்மேலேயே படுத்துக்கொள்ளும். சின்னது எட்டிப் பார்த்துவிட்டுப் பட்டினியோடு போய்விடும்.

பாட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக், போஷ்ஃபெல்ட், ஆஸ்ட்ரலார்ப் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் நிம்மதியாக வளரும். கூக்கூக் 1950களில் பாட்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் உருவாக்கிய ரகம். முட்டைக்கும் கறிக்கும் ஆகும். கலப்பில்லாத கூக்கூக் என்றால் முதல் நாளே ஓரளவு பால் பிரித்துவிடலாம்: சேவல் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு பெரிதாகவும் ஓரம் கலைந்தும் இருக்கும், பெட்டைக்குச் சிறிதாக இருக்கும். போஷ்ஃபெல்ட் வெண்டா, ஓவாம்போ, மட்டபேலே என்ற மூன்று உள்நாட்டுக் கோழிகளைக் கலந்து எடுத்தது. முதல் வாரத்திலிருந்தே தரையைக் கிளறும். கொல்லையில் மேயவிட்டு வளர்ப்பவருக்கு, 'ரன்னிங் ஃபவுல்' கறிக்காக வளர்ப்பவருக்கு, இதைத்தான் சொல்வோம்.

லெகார்ன் குஞ்சு துறுதுறு. சிறகு சீக்கிரம் முளைக்கும், பத்து நாளில் பெட்டி விளிம்பில் ஏறி உட்காரும். அது இருந்தால் வலை மூடி கட்டாயம்.

பட்டுக்கோழியையும் குட்டை ரகங்களையும் தனியாக வையுங்கள். பட்டுக்கோழியில் பலவற்றுக்கு உச்சி மண்டை புடைத்திருக்கும், அந்த இடத்தில் எலும்பு முழுதாக மூடியிருக்காது. மற்றக் குஞ்சு விளையாட்டாகக் கொத்தினாலும் மூளையில் அடிபடும். கழுத்து திருகிக்கொண்டு சுற்றும் குஞ்சை வியாதி என்று நினைக்கிறோம்; பல சமயம் அது கொத்துப்பட்ட குஞ்சு. மொட்டைக்கழுத்துக் கோழியை மற்றவற்றோடு விடலாம். உடம்பில் இறகு குறைவு என்பதால் அதற்கு விளக்கு ஒரு வாரம் கூடுதலாக வேண்டும்.

வாத்துக் குஞ்சைச் சேர்க்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பெட்டி முழுவதையும் நனைத்துவிடும். வான்கோழிக் குஞ்சும் வேண்டாம். ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த கோழித் தீவனங்களில் சிலவற்றில் உள்ள சாலினோமைசின் வான்கோழிக்கு விஷம்.

பெட்டியும் சூடும்

இருபது குஞ்சுக்கு ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். நாலாம் வாரத்தில் இரண்டு சதுர மீட்டர் வேண்டும். அட்டைப் பெட்டியானால் மூலைகளில் அட்டையை வளைத்துச் செருகி வட்டமாக்குங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். குளிர்ந்தால் எல்லாம் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். காலையில் அடியில் இருப்பவை மூச்சடைத்துக் கிடக்கும்.

விளக்கை நடுவில் தொங்கவிடாதீர்கள். ஒரு ஓரத்தில் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருக்கும். ரகத்துக்கு ரகம் சூட்டுத் தேவை மாறும்போது, எந்தக் குஞ்சு எங்கே படுக்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கலப்புப் பெட்டியில் இந்த ஒரு ஏற்பாடு நாம் செய்யும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

இருபது குஞ்சுக்கு 100 முதல் 150 வாட் போதும். 250 வாட் அகச்சிவப்பு விளக்கு என்றால் தரையிலிருந்து 45–50 செ.மீ. உயரத்தில், சங்கிலியில் மாட்டுங்கள். மின்கம்பியில் தொங்கவிடக் கூடாது. விழுந்தால் மரச்சீவல் பற்றிக்கொள்ளும். சிவப்பு விளக்கானால் கொத்துவது குறையும். உடையாத பூச்சு கொடுத்தது என்று விற்கும் விளக்குகளில் சிலவற்றின் பூச்சு டெஃப்லான். சூடேறினால் அதிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும், மனிதர் மூக்குக்குத் தெரியவும் தெரியாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில், விளக்குக்கு நேர் கீழே வையுங்கள். முதல் வாரம் 33–35 டிகிரி, இரண்டாம் வாரம் 30–32. அதற்குப் பின் வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்து 21-க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளை நம்புங்கள். விளக்கடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவிப் படுத்து, மெல்ல முணுமுணுத்தால் சரியாக இருக்கிறது.

இனி கரண்ட். 2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஆறாம் நிலை வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அது குறைந்தாலும் கேபிள் திருட்டும் மழைக்காலப் பழுதும் இருக்கின்றன. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் நாலு எடுத்து வையுங்கள். பாதி கொதித்த தண்ணீர், பாதி குழாய்த் தண்ணீர் ஊற்றி, பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். முழுக்கக் கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கி மூடி கசியும். பெட்டியின் மேல் முக்கால் பாகத்தைப் போர்வையால் மூடிவிட்டு, மீதியைக் காற்றுக்கு விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பும் பாரஃபின் அடுப்பும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், வீட்டில் தூங்குபவர்களையும் கொல்லும்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் இத்தனை கவலையும் இல்லை. குஞ்சு வந்த அன்றோ மறுநாளோ, இருட்டிய பிறகு, ஒவ்வொன்றாக அதன் வயிற்றடியில் தள்ளுங்கள். குட்டைக் கோழியானால் எட்டு, நாட்டுக்கோழியானால் பன்னிரண்டு. தாய் ஏற்கெனவே சில நாள் தன் குஞ்சுகளோடு பழகிவிட்டால், வேறு நிறக் குஞ்சை அடையாளம் கண்டு கொத்தும். அதனால் எல்லா நிறத்தையும் ஒரே இரவில் கொடுத்துவிட வேண்டும்.

தரையில் மரச்சீவல் ஐந்து செ.மீ. பரப்புங்கள். முதல் இரண்டு நாள் அதன்மேல் சமையலறைக் காகிதத் துண்டு விரித்தால் குஞ்சு சீவலைத் தின்னாது. செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டும் அகன்றுபோகும். அப்படி ஆன குஞ்சுக்கு முதல் மூன்று நாளுக்குள் இரண்டு காலையும் பிளாஸ்திரியால் தோள் அகலத்துக்கு இணைத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். மரத்தூள் கண்ணையும் மூக்கையும் அடைக்கும். நம் பக்கம் இலவசமாகக் கிடைக்கும் கரும்புச் சக்கை நன்றாகக் காய்ந்திருந்தால் ஆகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துக் குஞ்சின் நுரையீரலில் இறங்கிவிடும்.

தண்ணீர், தீவனம்

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு மீதி இருக்கும், இரண்டு நாள் தாங்கும். அதற்காகக் காக்க வைக்காதீர்கள். வந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை தொட்டு எடுங்கள். தூரத்திலிருந்து வந்தவையானால் முதல் சில மணி நேரம் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கலக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டோ கழுவிய கூழாங்கல்லோ நிரப்புங்கள். குட்டை ரகக் குஞ்சு இரண்டு செ.மீ. தண்ணீரில்கூட மூழ்கிவிடும்.

பிராய்லர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் புரதம் 18–20 விழுக்காடு உள்ள குஞ்சுத் தீவனம். பிராய்லருக்கு 20–22. குட்டை ரகத்துக்கு அதே தீவனத்தை அம்மியிலோ உரலிலோ நொறுக்கி, சல்லடையில் சலித்துக் கொடுங்கள். மூட்டையில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவான 'வி' எண் அச்சிட்டிருக்கும். பிரித்துச் சில்லறையாக விற்கும் தீவனத்தில் அந்த எண்ணும் தெரியாது, தேதியும் தெரியாது. முட்டை ரகக் குஞ்சு ஆறு வாரத்தில் ஏறக்குறைய 1.2 கிலோ தின்னும். இருபது குஞ்சுக்கு ஒரு 25 கிலோ மூட்டை என்று கணக்கு வையுங்கள். பிராய்லர் ஐந்து வாரத்தில் மூன்று கிலோவுக்கு மேல் தின்னும்.

மீலி (மக்காச்சோள) மாவையும் மிஞ்சிய சோற்றையும் மட்டும் போட்டு வளர்ப்பது பெரிய தவறு. சோளத்தில் புரதம் 8–9 விழுக்காடுதான். இறகு முளைக்கப் புரதம் போதாமல் குஞ்சுகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கும். பெரிய கோழியின் முட்டைத் தீவனமும் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து 3.5–4 விழுக்காடு, குஞ்சுக்குத் தேவை சுமார் ஒன்று. மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீரை, புழு எது கொடுத்தாலும் கூடவே பொடி மணல் ஒரு கிண்ணம் வையுங்கள்.

பிராய்லருக்கு முதல் வாரத்துக்குப் பிறகு இரவில் ஆறு மணி நேரம் தீவனத்தை எடுத்துவிடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் தின்றால் கால் தாங்காது, இதயமும் தாங்காது.

நோய்

முதல் வாரத்தில் தினமும் பின்புறத்தைப் பாருங்கள். எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள், இழுக்காதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வயிற்றடியில் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருப்பது தொப்புள். அதை எச்சம் என்று நினைத்துப் பிய்த்தால் குஞ்சு செத்துவிடும்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ரத்தக்கழிச்சல் காலம். சிறகைத் தொங்கப்போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். ஆம்ப்ரோலியம் மருந்தை லேபிளில் உள்ள அளவில் தண்ணீரில் கொடுங்கள். அது வைட்டமின் பி1-ஐத் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. அந்த நாட்களில் வைட்டமின் கலவை கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொடுப்பது நம் வழக்கம், கொடுங்கள். ஆனால் ரத்தம் தெரிந்த குஞ்சை அவற்றை மட்டும் நம்பி இரண்டு நாள் வைத்திருந்தால் இழந்துவிடுவீர்கள். தடுப்பது எளிது: ஈரச் சீவலை அன்றன்றைக்கே அள்ளுங்கள், தண்ணீர்த் தட்டைச் செங்கல்மேல் உயர்த்துங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு (நியூகாஸில் நோய்) ஏழு முதல் பத்து நாளில் தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரத்தில் மறுபடி. மருந்துக் குப்பி பெரும்பாலும் ஆயிரம் கோழிக்கானது. கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், வீடு மாறும்போது கையையும் செருப்பையும் கழுவுங்கள். மாரெக் (கால் முடங்க வைக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி முதல் நாளே பொரிப்பகத்தில் போட வேண்டியது. பட்டுக்கோழி அந்த நோய்க்குச் சட்டென்று விழும் ரகம், போட்டார்களா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடலோரத்தில் கொசு அதிகம். அம்மைத் தடுப்பூசியை எட்டாம் வாரம் வாக்கில் சிறகுச் சவ்வில் குத்திவிடுங்கள். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் அறுக்காமல், யாருக்கும் கொடுக்காமல் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 2023-ல் பறவைக்காய்ச்சல் இந்நாட்டில் எத்தனை பண்ணைகளைக் காலி செய்தது என்று தெரியும்.

வெளியே விடும்போது

கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலை போடுங்கள். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. டர்பனில் குரங்கும் உண்டு, தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியும். கொக்கித் தாழ்ப்பாளோடு ஒரு கம்பியையும் முறுக்கிவிடுங்கள். வலையைத் தரைக்குள் 30 செ.மீ. இறக்கினால் கீரி தோண்டி வராது.

பிராய்லர் ஐந்து, ஆறு வாரத்தில் கறிக்குப் போய்விடும். கூக்கூக், போஷ்ஃபெல்ட், ஆஸ்ட்ரலார்ப், லெகார்ன் ஆறாம் வாரத்தில் இறகு மூடியிருக்கும். முதலில் ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே, இரவில் உள்ளே. மொட்டைக்கழுத்து ஏழாம் வாரம். பட்டுக்கோழியின் இறகு மழையைத் தள்ளாது, நனைந்தால் உடம்போடு ஒட்டிவிடும். அதை எட்டாம் வாரத்துக்குப் பிறகு, கூரையுள்ள கூண்டில்தான் விட வேண்டும். அதற்குப் பறக்கவும் வராது. மற்றவற்றுக்கு உயரத்தில் கழி கட்டினாலும், அதற்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அகலப் பலகை ஒன்று போட்டுக் கொடுங்கள்.